அருள்முருகனைக் கொன்றது யார்

முஸஃபாவில் பழைய கிடங்கு ஒன்றுக்குள் போட்டிருந்த பிணவறை செட்டில், நடு மேசையில் ஏறிப் படுத்து அருள்முருகன் தூங்கிக்கொண்டிருந்தபோது டைரக்டர் உள்ளே வந்துவிட்டார்.

சாப்பாட்டு நேரம். வெளியே அபுதாபியின் ஜூன் வெயில். அந்த மேசை முழுக்க ஸ்டீல். ஏசிக் காற்று நேராக அதன்மேல் இறங்கும். மேசையின் காலுக்குக் கட்டை கொடுத்து ஆட்டத்தை நிறுத்தியது அருள்முருகன்தான். நின்றுவிட்டதா என்று பார்க்கப் படுத்தவன் அப்படியே கண்ணசந்துவிட்டான்.

ஆலங்குடிப் பக்கத்துக்காரன். வளைகுடாவில் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் ஷட்டரிங் வேலை பார்த்தே நாற்பதைத் தாண்டியவன். கட்டட வேலை குறைந்திருந்ததால் கம்பெனி அவனையும், அவனோடு ஒரே ரூமில் இருக்கும் பாலாவையும் இந்த செட் வேலைக்கு அனுப்பியிருந்தது. எடுப்பது ஓர் ஆங்கில டிவி தொடர். பிணத்தின் நக அழுக்கையும் சட்டை நூலையும் சோதித்துக் கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் தடயவியல் ஆட்களின் கதை. இரண்டு சீசன் ஏற்கெனவே ஓடி முடிந்துவிட்டது. மூன்றாவது சீசனுக்குப் பாலைவனம் தேவைப்பட்டதால் இங்கே வந்திருந்தார்கள்.

கண் விழித்தபோது தலைமாட்டில் நாலைந்து பேர் நின்றார்கள். வேலை போயிற்று என்று அருள்முருகன் குதித்து இறங்கப் போனான். நரைத்த தாடி வைத்த அந்த இங்கிலாந்துக்கார டைரக்டர், இறங்க வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டுப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் ஏதோ சொன்னார். அவள் ஹிஃப்ஸா. உதவி டைரக்டர்களில் ஒருத்தி. பெற்றோருக்குக் காயல்பட்டினம், அவள் வளர்ந்தது ஷார்ஜா.

"அங்கிள், தமிழ் தானே?"

"ஆமாம்மா."

"பயப்படாதீங்க. இப்ப படுத்திருந்தீங்கல்ல, அதே மாதிரி கேமரா முன்னாடி படுக்க முடியுமான்னு சார் கேக்குறார்."

"எதுக்கும்மா?"

ஹிஃப்ஸா கொஞ்சம் தயங்கினாள். "டெட் பாடியா."

அந்த வேடத்துக்கு வரவேண்டிய ஆளுக்கு விசா வரவில்லையாம். மணலுக்குள்ளிருந்து ஒரு தொழிலாளியின் உடலைத் தோண்டி எடுப்பதில் சீசன் தொடங்குகிறது. எட்டு எபிசோடும் அந்த உடலைச் சுற்றியே ஓடுகிறது. அதனால் கடைசிவரை ஒரே ஆள் வேண்டும். இத்தனை வருடத்தில் வேலை ஏவுகிற யாரும் அவனிடம் முடியுமா என்று கேட்டதில்லை. முடியும் என்றான்.

வேலை சுலபம் என்றுதான் நினைத்தான். முகத்துக்குச் சாம்பல் நிறம் பூசுவார்கள், உதட்டுக்கு நீலம். நெஞ்சிலிருந்து வயிறுவரை தையல் போட்ட மாதிரி ரப்பர் பட்டை ஒன்றைப் பசை தடவி ஒட்டுவார்கள். பிறகு வெள்ளைத் துணி. "ரோல்" என்று சத்தம் கேட்கும் முன் மூச்சை இழுத்து, வயிறு அசையாமல் தொண்டையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இதை ஹிஃப்ஸா சொல்லிக்கொடுத்தாள். அவனுக்கு அது நன்றாகவே வந்தது. மற்றவர்கள் வெயிலில் பலகை அறுக்க, அவன் குளிரில் மல்லாந்து கிடந்தான்.

ஒரே ஒரு தொந்தரவு. சாயங்காலம் தொழிலாளர் கேம்ப்புக்குத் திரும்பினால் ஆளாளுக்கு ஒரே கேள்வி கேட்டார்கள்.

"அண்ணே, உங்களைக் கொன்னது யாரு?"

"யாருக்குத் தெரியும்? எனக்கு எங்க கதை சொன்னாங்க."

"செத்தவருக்கே தெரியலைன்னா எப்படிண்ணே?"

அவனும் சிரிப்பான். ஆனால் மனைவி பஞ்சவர்ணத்திடம் மட்டும் சொல்லவில்லை. கார்பென்டர் வேலைதான், உள்ளேயே வேலை, வெயில் இல்லை என்று சொல்லி வைத்திருந்தான். நடித்து முடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது எண்ணம்.

கெடுத்தது பாலா. செட்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பாலா இரண்டு போன் வைத்திருந்தான். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றைச் சாக்ஸுக்குள் ஒளித்துக் கொண்டுபோய், மேசையில் கிடந்த அருள்முருகனைப் படம் எடுத்து, 'எங்க அண்ணன் இங்கிலீஷ் சீரியலில்' என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டான். யாரோ அந்த எழுத்தை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் ஊர் குரூப்பில் அனுப்பிவிட்டார்கள். காலையில் அது பஞ்சவர்ணத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. சாம்பல் முகம், நீல உதடு, நெஞ்சு முழுக்கத் தையல்.

அவள் அவனுக்கு போன் செய்தாள். போன் வாசலில் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் கிடந்து அடித்தது.

சாயங்காலம் போனைக் கையில் வாங்கியதும் திரை நிறைய அவளுடைய அழைப்புகளைப் பார்த்தான். பஸ்ஸில் ஏறாமல் ஓரமாகப் போய் அழைத்தான். எடுத்தவள் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"வர்ணம், நான்தான்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"நான்தான் பேசுறேன். அது நடிப்பு. பாலாப் பய எடுத்து..."

"தெரியும். பத்து மணிக்கே என் தம்பி விசாரிச்சுச் சொல்லிட்டான்."

"அப்புறம் ஏன் பேச மாட்டேங்குற?"

"அவன் சொன்னா ஆச்சா? அன்னிக்கும் இப்படித்தான் ஒருத்தர் இருக்கார்னாங்க, ஒருத்தர் இல்லைன்னாங்க."

எதைச் சொல்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. சில வருடங்களுக்கு முன்பு அவன் கத்தாரில், ராஸ் லஃபானில் வேலை பார்த்தான். ஆட்களை ஏற்றிப் போன பஸ் ஒன்று சாலையில் கவிழ்ந்து சிலர் இறந்துபோனார்கள். அதில் ஒருவர் பெயரும் அருள்முருகன். திட்டக்குடிப் பக்கத்து ஆள். சேதி ஆள் மாறி ஆலங்குடிக்குப் போய்விட்டது. சாயங்காலம் சரிசெய்துவிட்டார்கள். அவனுக்கு மறுநாள்தான் விஷயமே தெரிந்தது. 'நான் ஒரு தடவை செத்துப் பொழச்சவன்' என்று ரூமுக்கு ரூம் சொல்லிச் சிரித்திருக்கிறான். ஊருக்குப் போனபோதும் அவள் முன்னாலேயே சொல்லிச் சிரித்திருக்கிறான். அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

"ஏங்க, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்க ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?" என்றாள்.

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"வீடு நிறைய பொம்பளைங்க. என்னை நடுவுல உக்கார வச்சுட்டாங்க. கட்டிப் பிடிச்சு அழறாங்க, எனக்கு யார் யாருன்னே தெரியல. என் தம்பி புதுக்கோட்டைக்குப் போய்க் கோடிச் சேலை வாங்கிட்டு வந்துட்டான். பெரியத்தா என் வளையலைத் தடவிப் பாத்துச்சு. எப்பக் கழட்டணும்னு பாக்குது. நான் கையை இழுத்துக்கிட்டேன். அதுக்குள்ள சேதி மாறி வந்துருச்சு. எல்லாரும் சாமி கும்பிட்டாங்க, சக்கரை வாங்கி வாயில போட்டாங்க. என் தம்பி அந்தச் சேலையைத் திருப்பிக் குடுக்கப் போனான். கடைக்காரன் கோடி எடுத்தா திரும்ப வாங்க மாட்டோம்னுட்டான். அதை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம பஸ் ஸ்டாண்டுலயே நின்னுருக்கான் அவன்."

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவன் கையை ஆட்டிப் போகச் சொன்னான்.

"இப்ப நீங்களே போய்ப் படுத்துக்கிட்டீங்க" என்றாள் பஞ்சவர்ணம். போனை வைத்துவிட்டாள்.

அதன் பிறகு அவள் எடுக்கவில்லை. மகளிடம் போனைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அருள்முருகனுக்கு எதிலும் இருப்புக் கொள்ளவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுக் கேம்ப் வராண்டாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். பாலா பின்னாலேயே வந்து, "அடிச்சுக்கூடப் போடுங்கண்ணே" என்றான். அடிப்பதால் என்ன ஆகப்போகிறது. செட்டிலும் ஸ்டேட்டஸ் விஷயம் தெரிந்து, இனி யாராவது போன் கொண்டுவந்தால் ஆளையே அனுப்பிவிடுவோம் என்று எச்சரித்திருந்தார்கள்.

மேசையில் படுத்தால் இப்போது எல்லாம் அசைந்தது. இமை துடித்தது. கால் கட்டைவிரல் தானாக மடங்கியது. முன்பு குளிர் சுகமாக இருந்தது. இப்போது பற்கள் கிட்டின. ஒரு ஷாட்டுக்கு மூன்று நான்கு முறை திரும்பத் திரும்ப எடுத்தார்கள்.

"அங்கிள், உடம்பு சரியில்லையா?" என்று ஹிஃப்ஸா கேட்டாள்.

"அதெல்லாம் இல்லம்மா."

"அப்ப ஏன் இப்படி? முன்னாடியெல்லாம் சூப்பரா பண்ணீங்க."

மனைவி உடலை அடையாளம் காட்ட வரும் காட்சி அந்த வாரம் வந்தது. மனைவியாக நடிக்க பம்பாயிலிருந்து ஒரு நடிகை வந்திருந்தாள். அருள்முருகன் மேசையில் படுக்கும் முன் அவனுக்கு வணக்கம் சொன்னாள். பிறகு துணியை விலக்கினார்கள், கேமரா ஓடியது, அவள் வந்து நின்றாள்.

அவள் சத்தம் போட்டு அழவில்லை. இந்தியில் அவனை எழுப்புவதுபோல மெல்ல இரண்டு வார்த்தை சொன்னாள். பிறகு அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள், சூடு உண்டாக்குவதுபோல. அவளுடைய கண்ணாடி வளையல்கள் அவன் மணிக்கட்டில் இடித்துச் சத்தமிட்டன.

அருள்முருகனின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"கட்" என்றார்கள். மேக்கப் போடும் பிலிப்பைன்ஸ் பெண் ஓடிவந்து துடைத்து, மறுபடி சாம்பல் பூசினாள். மறுபடி எடுத்தார்கள். மறுபடி வழிந்தது. மூன்றாவது முறை நடிகை கையைத் தொட்டதுமே அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

தையல் போட்ட பிணம் மேசையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஹிஃப்ஸாதான் முதலில் வந்தாள்.

"என்ன அங்கிள்? சொல்லுங்க, நான் சார்கிட்ட சொல்றேன்."

அவன் சொன்னான். கத்தார், பஸ், கோடிச் சேலை, ஸ்டேட்டஸ், எடுக்காத போன், எல்லாம் முன்பின்னாக வந்தது. கோடி என்றால் என்னவென்று ஹிஃப்ஸாவுக்குத் தெரியவில்லை. புருஷன் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்குக் கொண்டுவரும் சேலை என்று விளக்கினான். அவள் அதை ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தி, பிறகு முடித்தாள்.

டைரக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு மேசை பக்கத்தில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

அருள்முருகன் யோசித்தான். "எங்க சினிமாவுல ஒரு பழக்கம் உண்டும்மா. செத்த மாதிரி நடிச்சா, முடிஞ்சதும் எந்திரிச்சு கேமராவைப் பாத்து சிரிக்கணும். அந்த தோஷம் ஒட்டாதுன்னு. எனக்கு ஒரு நாளும் அப்படி எடுக்கல. அதை மட்டும் எடுக்கச் சொல்றியா?"

ஹிஃப்ஸா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். பம்பாய் நடிகைக்கு இது உடனே புரிந்தது. "எங்க பக்கமும் அப்படித்தான், அண்ணா" என்று இந்தியில் சொல்லி டைரக்டரிடம் அவளும் பேசினாள். டைரக்டர் கேமராக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். விளக்குகள் மறுபடி எரிந்தன.

அருள்முருகன் படுத்தான். எழுந்தான். கேமராவைப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. உதட்டை இழுத்துப் பார்த்தான்; நீலச் சாயம் பூசிய உதடு கோணிக்கொண்டது. இத்தனை பேர் காத்து நிற்கிறார்களே என்ற கூச்சத்தில் இன்னும் இறுகியது. அந்த நேரம் பார்த்து, வியர்வையில் பசை விட்டு, நெஞ்சில் ஒட்டியிருந்த தையல் பட்டை மெதுவாக உரிந்து மொத்தமாக மடியில் விழுந்தது. பிலிப்பைன்ஸ் பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்தது நிற்கவில்லை. நடிகை கைகொடுத்து இறக்கிவிடும்வரை சிரித்தான்.

அந்தச் சிரிப்புப் படத்தைப் பஞ்சவர்ணத்துக்கு அனுப்ப ஒப்பந்தத்தில் இடமில்லை என்று ஹிஃப்ஸா வருத்தத்தோடு சொன்னாள். அவளே வாசலுக்குப் போய் அவனுடைய போனை வாங்கிவந்து, முகத்தைக் கழுவச் சொல்லி, கிடங்குக்குப் பின்னால் கூட்டிப்போய் நிறுத்தினாள். பஞ்சவர்ணம் எடுக்க மாட்டாள் என்று தெரிந்து, தானே அழைத்து, எடுத்த மகளிடம் அம்மாவைக் கூப்பிடச் சொல்லிப் பேசினாள்.

"மாமி, என் பேர் ஹிஃப்ஸா. அங்கிள்கூட வேலை பாக்குறேன். அவர் இப்ப எந்திரிச்சுட்டார். வந்து பாருங்களேன்."

வீடியோவில் பஞ்சவர்ணத்தின் முகம் வந்தது. அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெயிலில் நின்ற அவன் முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள்.

திரும்பினான்.

"காதுக்குப் பின்னாடி இன்னும் சாம்பல் இருக்கு. தொடைங்க."

துடைத்தான். இன்னும், இன்னும் என்றாள். தோல் சிவக்கும்வரை தேய்த்தான்.

"ஒத்துக்கிட்ட வேலை. முடிச்சுக் குடுத்துருங்க" என்றாள் கடைசியில். "ஆனா தெனம் எந்திரிச்ச உடனே நான் பாக்கணும்."

டைரக்டர் அதற்கு மட்டும் அனுமதி கொடுத்தார். வேலை முடியும்வரை அருள்முருகனின் போன் ஹிஃப்ஸாவின் பையில் இருந்தது.

அடுத்த வருடம் அந்த சீசன் வெளிவந்தபோது அவன் துபாயில் வேறு சைட்டில் இருந்தான். தமிழிலும் பேச வைத்திருந்தார்கள். வாரம் ஓர் எபிசோட். முதல் வாரம் மணலைத் தோண்டித் தன் முகம் வந்ததும் ரூமே கத்தியது. அவன் எழுந்து வெளியே போய்விட்டான். ஆனால் பஞ்சவர்ணம் பார்த்தாள். தம்பி மகனின் போனை வாங்கி, சுவரோரம் உட்கார்ந்து ஒன்றையும் விடாமல் பார்த்தாள். வெள்ளிக்கிழமை அவன் கூப்பிட்டால் கதை சொல்வாள்.

"உங்க நகத்துல பெயின்ட் இருந்துச்சாம். அதை வச்சு ஒரு லாரியைக் கண்டுபிடிச்சுட்டாங்க."

"நீ எதுக்கு இதைப் பாக்குற?"

"யாருன்னு தெரியாம என்னால இருக்க முடியலங்க. அடுப்படில நிக்கும்போதுகூட அதான் ஓடுது."

கடைசி வாரம் அவளே முந்திக்கொண்டு அழைத்தாள். லாரி முதலாளியின் மருமகன்தான் கொலைகாரன். அவனைப் பிடித்துவிட்டார்கள். அத்தோடு முடிந்தது. சொல்லி முடித்தும் போனை வைக்கவில்லை.

"அதான் கண்டுபிடிச்சுட்டாங்கள்ல. இன்னும் என்ன?" என்றான்.

"அந்தப் பொம்பளை வந்து பாத்துட்டுப் போச்சே, அதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு காட்டவே இல்லைங்க."

"கதை அவ்வளவுதான்."

"நம்ம வீட்டுல சக்கரை வாங்கி வாயில போட்டப்ப, அந்தத் திட்டக்குடிக்காரர் வீட்டுக்குச் சேதி போயிருக்கும்ல? அந்தப் பொம்பளை என்ன ஆனாங்க?"

அவனுக்குத் தெரியாது. ஆனால் கத்தாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் மீராசா பாய் அன்று உடல்களை ஊருக்கு அனுப்ப அலைந்தவர், அவருக்குத் தெரிந்திருக்கும். மீராசா விசாரித்து நம்பர் வாங்கித் தந்தார். அந்தப் பெண் பெயர் சரசு. பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, இப்போது மஸ்கட்டில், ரூவியில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை பார்க்கிறாள்.

முதலில் அவன் அழைத்தான். மணி அடித்து, "ஹலோ, யாரு?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. அவன் வாயைத் திறந்தான். தன் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரை அவளிடம் எப்படிச் சொல்வது? "யாருங்க?" என்று மறுபடி கேட்டாள். அவன் துண்டித்துவிட்டான்.

நம்பரைப் பஞ்சவர்ணத்துக்கு அனுப்பினான். அவள் பேசினாள். பேசிக்கொண்டே இருந்தாள் போலிருக்கிறது. அவன் எப்போது கூப்பிட்டாலும் பிஸி என்றே வந்தது. கட்டிலில் உட்கார்ந்தான், எழுந்தான். துவைத்த துணியை மறுபடி துவைத்தான். கேம்ப் வாசல்வரை போய்த் திரும்பினான்.

கடைசியில் அவள் அழைத்தபோது குரல் கம்மியிருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"அன்னிக்கு அவங்க நடவுக்குப் போயிருந்தாங்களாம். மத்தியானம் வரப்புல உக்காந்து கருவாட்டுக் கொழம்பும் சோறுமா எல்லாரும் சாப்பிட்டாங்களாம். ஒருத்தி ஏதோ கேலி பேச, சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிருச்சாம். சாயங்காலம்தான் சேதி வந்திருக்கு."

"ம்."

"நான் மன்னிச்சுக்கங்கன்னேன். எதுக்குன்னு எனக்கே தெரியல. அதுக்கு அவங்க சொன்னாங்க, 'அந்தச் சேதி அவ்வளவு நேரம் உங்க வீட்டுலதானே இருந்துச்சு அக்கா. நீங்க வச்சிருந்தீங்க. அதனால எனக்கு ஒரு பகல் மிஞ்சுச்சு'ன்னு."

அவள் தண்ணீர் மொண்டு குடிக்கும் சத்தம் கேட்டது.

"முன்னாடி ஒரு ஆம்பளை கூப்பிட்டுப் பேசாம வச்சுட்டாரே, அது உங்க வீட்டுக்காரரான்னு கேட்டாங்க. ஆமான்னேன். பேசச் சொன்னாங்க."

"நான் என்னன்னு சொல்லிப் பேசுறது?"

"உங்க பேரைச் சொல்லித்தான்."

அருள்முருகன் கட்டடத்தின் நிழலுக்கு வந்து, மறுபடி அந்த நம்பரை அழைத்தான். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தத்தோடு அதே குரல் வந்தது.

"அருள்முருகன் பேசுறேன்" என்றான்.

பாத்திரச் சத்தம் நின்றது. யாரிடமோ அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். ஒரு கதவு திறந்து மூடியது.

"சொல்லுங்கண்ணே" என்றாள் சரசு. "கேக்குது."